வைட்டமின் டி ஏறியும் மகனுக்கு மூச்சிழுப்பு நிற்கவில்லை
தலவாக்கலைப் பக்கம் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) இருக்கிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 7. மாசியில் இருவருக்கும் இரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலீட்டருக்கு 14 நானோகிராம்தான். 20க்குக் கீழே என்றால் குறைபாடு.

டொக்டர் சொன்னபடி 12 வாரம், நாளுக்கு 2000 அலகு, சாப்பாட்டோடு கொடுத்தோம். போத்தலை வாசித்துத்தான் அளந்தோம்: சிலதில் ஒரு சொட்டே 400 அலகு, சிலதில் 1 மில்லிக்குத்தான் 400. பலர் பிழை விடுவது இங்கேதான்.

இப்போது இருவருக்கும் 30 தாண்டிவிட்டது. மகளுக்குக் காலைத் தும்மல் அடங்கியது. மகனுக்கோ விடியற்காலை 3 மணிக்கு இழுப்பு, போர்வைக்குள் முகம் புதைத்தால் இன்னும் மோசம். பருவ வயதுக்கு முன் ஆஸ்துமா ஆண் பிள்ளைகளுக்குத்தான் கூட.

ஸ்பேசரோடு (மருந்தை உள்ளிழுக்க உதவும் குழாய்) தடுப்பு இன்ஹேலர், கொதிநீரில் போர்வை அலசல், விறகடுப்பை வெளியே மாற்றியது, எல்லாம் ஆயிற்று. டி அளவை இன்னும் ஏற்றுவது தீர்வில்லை; போர்வை, மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசியுண்ணிதான் சந்தேகம்.

தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையைச் சிறுவர்களுக்கு நுவரெலியா, கண்டிப் பக்கம் எந்த அரச கிளினிக்கில் செய்கிறார்கள்?