திருநெல்வேலி மகாராஜநகர் வீடு (குடும்பக் குழு)

ஜூலை 18, சனிக்கிழமை இரவு

முருகேசன்: வீட்டை விலைக்குப் பார்க்க இன்றைக்கு வந்த பார்ட்டி என்ன சொன்னார்கள் அக்கா?

செல்வி: கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். போய்விட்டார்கள். மாடிக்குக்கூட ஏறவில்லை.

சிவா: விலை கூடுதலோ?

கணேசன்: விலைப் பேச்சே வரவில்லை மாப்பிள்ளை. கதவைத் திறந்ததும் அந்த அம்மா முந்தானையை மூக்கில் வைத்தார்கள். அதோடு முடிந்தது.

உமா: பூட்டியே கிடக்கிற வீடுதானே அண்ணே, வாடை இருக்கத்தான் செய்யும்.

கணேசன்: பூட்டின வாடை இல்லை உமா, சாக்கடை வாடை. பின் பாத்ரூமை யாரும் புழங்குவதில்லை. தரையில் தண்ணீர் போகிற ஓட்டைக்குக் கீழே குழாய் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் காற்றை அடைக்கிற மூடி. அது வற்றினால் வாடையும் வரும், கரப்பானும் வரும். வாரம் ஒரு வாளி ஊற்றினால் போதும். இத்தனை நாள் யாரும் ஊற்றவில்லை.

செல்வி: போதாததற்கு அம்மா பீரோவில் வைத்த பாச்சை உருண்டை. அந்த அறைக்குள் நுழைந்தால் தலை வலிக்கிறது.

முருகேசன்: நான் ஒன்று சொல்லவா? இப்படியே காட்டினால் பழைய வீட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். மாடுலர் கிச்சனுக்கு இரண்டரை லட்சம் சொல்கிறான் எனக்குத் தெரிந்த பையன். ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், எல்.இ.டி. விளக்கு. போட்டதுக்கு இரட்டிப்பாக விலையில் ஏற்றிவிடலாம்.

கணேசன்: வேண்டாம் மாப்பிள்ளை. ஐந்தரை சென்ட் இடத்துக்குத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். குடியிருக்க வருகிறவர்களும் அடுப்படியைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றுவார்கள். நீ போட்ட பச்சைக் கலர் பலகையைக் கழற்றி எறிவதற்கு அவர்கள் எதற்குக் காசு தர வேண்டும்?

சிவா: அத்தான் சொல்வது சரி. இங்கே சிங்கப்பூரில்கூட வீட்டை விற்கிறவர்கள் சாமானைக் குறைத்து வெளிச்சம் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

முருகேசன்: சரி, ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். மாடி அறைக் கூரையில் இருக்கிற ஓதக் கறையையாவது பட்டி பார்த்து எமல்ஷன் அடித்து மறைத்துவிடலாமே.

கணேசன்: அதைச் செய்தால்தான் கெட்டது. இந்த ஊரில் வீடு பார்க்க வருகிறவன் இரண்டாம் தடவை கூடவே ஒரு கொத்தனாரைக் கூட்டி வருவான். அவர் கட்டைவிரலால் தட்டிப் பார்ப்பார். புதுப் பெயின்ட் அந்த ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் முதலில் அங்கேதான் தட்டுவார். பிறகு மற்ற சுவரெல்லாம் நன்றாக இருந்தாலும் நம்பமாட்டான். 20,000 ரூபாய் வேலைக்கு 2 லட்சம் குறைப்பான்.

முருகேசன்: அப்போ தளத்தையே பெயர்க்கணுமா?

கணேசன்: நேற்று மேலே ஏறிப் பார்த்தேன். தளத்துக்கு மேல் போட்ட சுருக்கி, அந்தச் சுண்ணாம்புக் காரை, நன்றாகத்தான் இருக்கிறது. அதன் மேல் பதித்த தட்டோடுகளின் சந்துகள்தான் வாய் திறந்திருக்கின்றன. மழைத்தண்ணீர்க் குழாய் வாயில் ஒரு கூடை வேப்பஞ்சருகு. தண்ணீர் இறங்க வழியில்லாமல் தேங்கி, சந்து வழியாக உள்ளே வருகிறது. குழாயைச் சுத்தம் செய்து, சந்தைக் கீறி அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தளத்தில் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்ப்போம். சொட்டவில்லை என்றால் பிறகு பெயின்ட். கொத்தனாரிடம் பில் வாங்கி வைக்கிறேன், கேட்கிறவர்களுக்குக் காட்டலாம்.

செல்வி: ஆடியில் யாரும் முன்பணம் தரமாட்டார்கள். இந்த மாதம் வேலையை முடித்தால் ஆவணியில் காட்டலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்தால் நல்லது.

கணேசன்: உள்சுவர் முதலில். வெளிச்சுவரை இப்போது தொட வேண்டாம், இந்த ஆடிக் காற்றில் ஈரப் பெயின்டில் புழுதி அப்பிக்கொள்ளும்.

உமா: கலர் என்ன மைனி? வாடாமல்லிக் கலரில் ஒரு அறை இருக்கிறதே.

செல்வி: அது சிவா பள்ளிக்கூடம் படிக்கும்போது அடம்பிடித்து அடித்தது. எல்லாம் வெள்ளை கலந்த சந்தனம். ஒரே கலர் வாங்கினால் மிச்சமும் வீணாகாது.

சிவா: 😄 அந்த அறையைப் பார்த்து ஓடின பார்ட்டி எத்தனையோ.

செல்வி: மொசைக் தரைக்குப் பாலிஷ் மட்டும் போடுவோம். டைல்ஸ் பேச்சை யாரும் எடுக்காதீர்கள். தேக்கு நிலைக்கு அப்பா அடித்த பச்சை எனாமலைச் சுரண்டி வார்னிஷ் அடித்தால் அந்த மரமே வீட்டை விற்றுக் கொடுக்கும்.

ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை

செல்வி: தண்ணீர் கட்டிப் பார்த்தாயிற்று. ஒரு சொட்டு இல்லை. 🙏

செல்வி: பழைய பேப்பர், உடைந்த சைக்கிள், மூன்று கட்டில், அப்பாவின் டிரங்குப் பெட்டிகள் எல்லாம் கிளம்பின. கிணற்றைச் சுற்றிக் கிடந்த பழைய ஓடுகளையும் பலகைகளையும் எடுத்த பிறகுதான் கிணறு இருப்பதே கண்ணில் படுகிறது. ஈசானிய மூலைக் கிணறு, அதைத்தான் இவ்வளவு நாள் மூடி வைத்திருந்தோம்!

உமா: குழாயில் உப்புக்கறை போனதா மைனி?

செல்வி: எலுமிச்சையும் வினிகரும் போட்டு ஊறவைத்தேன். ஷவர் மட்டும் புதுசு மாற்றினோம்.

செல்வி: இன்னொன்று. ஹாலில் அப்பா படம்.

முருகேசன்: அது இருக்கட்டுமே.

கணேசன்: மாலை போட்ட படத்தைப் பார்த்தால் வருகிறவர்கள் முதலில் கேட்பது "யார் தவறினது, வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா" என்றுதான். போன தடவை அப்படித்தான் பேச்சு திரும்பி, பங்குப் பிரச்சினையா என்பதுவரை போய்விட்டது. வீட்டைப் பார்க்கவே இல்லை.

முருகேசன்: அம்மாவிடம் யார் சொல்வது?

செல்வி: சொன்னேன். கோபப்படவில்லை. "அவர் எனக்கு முன்னாலேயே உன் வீட்டுக்கு வந்திருக்கணும், நான்தான் தனியா வந்துட்டேன்" என்றாள். நேற்று ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இப்போது அவள் கட்டிலுக்கு எதிரில் மாட்டியிருக்கிறது. பூஜை அறையில் விளக்கு மட்டும் ஏற்றிக்கொண்டு இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அது நல்லதுதான், சாமி விளக்கு எரிகிற வீடு யாருக்கும் பிடிக்கும்.

சிவா: ❤️

கணேசன்: மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டை என்ன செய்யலாம்? நகராட்சி ஒப்புதல் வரைபடத்தில் அது இல்லை. லோன் போட்டு வாங்குகிறவர் என்றால் பேங்க் ஆள் வந்து வரைபடத்தோடு ஒப்பிடுவார்.

முருகேசன்: பிரித்துவிடுங்கள் அத்தான். மொட்டைமாடி விசாலமாகத் தெரியும்.

கணேசன்: சரி. காகிதங்களையும் சேர்த்தே எடுத்து வைப்போம். பத்திரமும் மூலப்பத்திரமும் செல்வியிடம் இருக்கின்றன. வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்தில் எடுத்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. வீட்டுவரி ரசீதில் பழையதெல்லாம் பாளையங்கோட்டை நகராட்சி என்று இருக்கும், 1994இல் மாநகராட்சியோடு சேர்ந்தது, அதற்கு யாரும் பயப்பட வேண்டாம். வாரிசுச் சான்றில் அம்மாவோடு நீங்கள் மூன்று பேர், நாலு கையெழுத்து. சிவா, நீ வருவாயா?

சிவா: லீவு கிடைக்காது அத்தான். எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடப் பவர் பத்திரம் எழுதித் தரவா?

கணேசன்: இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும், அதனால் வாங்குகிற ஆள் அமைந்த பிறகு அனுப்பினால் போதும். உன் பங்குக்கு வரிப்பிடித்தம் எங்களைப் போல 1% இல்லை, வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு அதிகம். ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடு.

ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை

உமா: விளம்பரத்துக்குப் படம் அனுப்புங்கள் மைனி, நான் போடுகிறேன்.

செல்வி: (6 படங்கள்)

சிவா: ஹால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறதே! 😂

செல்வி: பையன் ஏதோ அகல லென்ஸில் எடுத்தான்.

சிவா: அது வேண்டாம் அக்கா. நேரில் வந்து ஹால் சின்னது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். போனைப் படுக்கவைத்து, வாசலில் நின்று, சாதாரணமாக எடுக்கச் சொல்லுங்கள். காலையில் கிழக்கு ஜன்னல் வெயில் விழும்போது. திரைச்சீலையைக் கழற்றிவிட்டு.

முருகேசன்: விளம்பரத்தில் தாமிரபரணித் தண்ணீர், கிணறு, கார் நிறுத்தும் இடம், கிழக்கு வாசல் இவ்வளவும் போடு. புதுப் பெயின்ட் என்று எழுதாதே. எதையோ மறைக்கிறோம் என்று நினைப்பார்கள்.

கணேசன்: மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது 😀

ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை

கணேசன்: 4 மணிக்கு ஒரு பார்ட்டி. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வாத்தியார்கள். செல்வி, மதியமே போய் ஜன்னல் எல்லாம் திற. மோட்டார் போட்டு டேங்க் நிறைத்து வை, குழாயைத் திறந்து பார்ப்பார்கள். நம் வண்டியை வாசலில் நிறுத்த வேண்டாம், அவர்கள் கார் வந்து நிற்கட்டும்.

முருகேசன்: அம்மா வருகிறாளா?

செல்வி: வருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு அறையிலும் யார் பிறந்தார்கள் என்று கதை சொல்லுவாள், அவர்களுக்கு விலை கேட்கவே கூச்சமாகிவிடும்.

சிவா: 😂😂

செல்வி (மாலை 6:10): இப்போதுதான் கிளம்பினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார்கள்! அந்த அம்மா கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கோடையில் வற்றுமா என்று கேட்டார்கள்.

கணேசன்: கொத்தனாரும் வந்திருந்தார். மாடிக் கூரையைத் தட்டினார். பழைய கசிவு இது, இன்னது செய்தோம் என்று பில்லைக் கொடுத்தேன். தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். பத்திர நகல் ஒரு செட் கேட்டிருக்கிறார்கள், பேங்கில் காட்ட.

முருகேசன்: பத்திரச் செலவு 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9% அவர்கள் கையில் இருந்து போகும். அதைச் சொல்லித்தான் குறைப்பார்கள் பாருங்கள். எவ்வளவுக்குக் கேட்டார்கள்?

கணேசன்: தொகையைக் குழுவில் போட வேண்டாம். இன்றைக்கு ராத்திரி 9 மணிக்கு எல்லாரையும் போன் காலில் சேர்க்கிறேன். சிவா, உனக்கு அங்கே 11:30. தூங்கிவிடாதே.

சிவா: முழித்திருக்கிறேன் அத்தான்.