புதுப்பிப்பு: நீலம் வராத பிரிண்டர் சரியாகிவிட்டது

இரண்டு மாதம் சும்மா கிடந்த இங்க் டேங்க் பிரிண்டரில் நீலம் அறவே வரவில்லை, ஹெட் க்ளீனிங் (மை தெளிக்கும் ஹெட்டைப் பிரிண்டரே சுத்தம் செய்துகொள்வது) ஆறு முறை ஓட்டியும் பயனில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். இப்போது சரி.

முதலில் என் தவறு. அப்படித் தொடர்ந்து ஓட்டியிருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் பம்ப் மையை உறிஞ்சிக் கழிவுப் பஞ்சுக்குத்தான் அனுப்புகிறது. பஞ்சு நிறைந்தால் அது தனிச் செலவு. இரண்டு முறை ஓட்டி, நாஸில் செக் (ஹெட்டின் மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று கோடுகளால் காட்டும் சோதனைப் பக்கம்) எடுத்து, மாற்றமில்லை என்றால் ஒரு ராத்திரி விட்டுவிடுவதே மேல்.

அப்புறம் செய்தது இதுதான். ஹெட் நடுவுக்கு நகர்ந்ததும் பிளக்கைப் பிடுங்கினேன். டிஷ்யூவை மடித்து, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து அடியில் செருகி, ஹெட்டை அதன்மேல் மெதுவாகத் தள்ளி நிறுத்தினேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். காலையில் டிஷ்யூவில் தீப்பெட்டி அகலத்துக்கு நீலக் கறை! பார்த்ததும் பாதி நிம்மதி. ஒரே ஒரு க்ளீனிங். நாஸில் செக்கில் இரண்டு கோடுகள் மட்டும் விட்டுவிட்டு வந்தன. முழுப் பக்க நீலம் நாலைந்து அடித்ததும் அவையும் சேர்ந்துகொண்டன.

அடைப்பு நீங்க ஊசியால் ஹெட்டுக்குள் க்ளீனிங் திரவம் ஏற்றச் சொன்ன நண்பர் மன்னிக்கவும், எனக்குத் துணிச்சல் வரவில்லை.

காரணம்? பிரிண்ட் முடிந்த கையோடு சுவர் சுவிட்சை அணைக்கும் என் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். பிரிண்டரின் பட்டனில் அணைத்தால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியில் ஒழுங்காக உட்காரும். இல்லையென்றால் திறந்தபடியே காய்ந்துபோகலாம். இப்போது ஞாயிறுதோறும் வண்ணத்தில் ஒரு பக்கம் அடிக்கிறேன்.