பருப்பு வேகாத வீடு

2016-ல் சென்னையில் மேற்கு மாம்பலத்திலிருந்து மடிப்பாக்கத்துக்குக் குடிவந்தோம். வந்த முதல் வாரமே அம்மாவுக்கும் மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் சண்டை. மூன்று விசிலில் மசிகிற துவரம்பருப்பு ஆறு விசில் ஆகியும் விறைத்துக்கொண்டு நின்றது. "பழைய பருப்பைத் தலையில கட்டிட்டீங்களே" என்று அம்மா பொட்டலத்தோடு போய் நின்றார். அண்ணாச்சி கோபப்படவே இல்லை. எந்தத் தெரு என்று மட்டும் கேட்டார். சொன்னதும், "பருப்பு நல்ல பருப்புதாம்மா. கேன் தண்ணி ஊத்தி வேக வச்சுப் பாருங்க" என்றார்.

வேக வைத்தோம். மூன்றாவது விசிலில் குழைந்துவிட்டது. போர்வெல் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளைப் பிடித்து இறுக்கிவிடும் என்பது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அண்ணாச்சிக்குத் தெருப் பெயரே போதுமாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. குளித்து முடித்தால் சோப்பு போன மாதிரியே இருக்காது, உடம்பில் ஒரு பிசுபிசுப்பு. வாளியின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி வரும். எவர்சில்வர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால், காய்ந்த ஒவ்வொரு சொட்டும் ஒரு வெள்ளை வட்டம். வேலை செய்ய வரும் அக்காவிடம் "சரியா அலசுங்க" என்று நான் இரண்டு தடவை சொன்னது இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்தேன். குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீட்டில் கடினத்தன்மை, அதாவது இந்தக் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை. எங்கள் தண்ணீர் அந்த 600-ஐயும் தாண்டியிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு விற்பனைப் பையன் கதவைத் தட்டினான். இரண்டு கண்ணாடி டம்ளர், ஒன்றில் எங்கள் வீட்டுத் தண்ணீர், மற்றதில் அவன் கொண்டுவந்த சுத்திகரித்த தண்ணீர். கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை இரண்டிலும் வைத்து ஸ்விட்சைப் போட்டான். நம் தண்ணீர் ஒரே நிமிடத்தில் சாக்கடை நிறம், அவனுடையது பளிங்கு. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். அப்பா எழுந்து போய் ஒரு சிட்டிகை உப்பை எடுத்துவந்து அந்தப் பளிங்குத் தண்ணீரில் போட்டு, "இப்ப ஒரு தடவை போடு தம்பி" என்றார். அதுவும் சாக்கடையானது. உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் அந்த இரும்புக் கம்பி அரிபட்டுத் துருவாக இறங்கும். நாம் பார்க்கிற அழுக்கு கம்பியுடையது. பையன் காபி குடித்துவிட்டுப் போனான். பாவம், அவன் பிழைப்பு அது.

டிடிஎஸ் மீட்டரைக் காட்டி மிரட்டுகிறவர்களும் உண்டு. அது கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கடைசியில் குடியிருப்பில் எட்டு வீடும் சேர்ந்து மாடித் தொட்டிக்கு, கடினத்தன்மையைக் குறைக்கும் ஒரு சாஃப்ட்னர் போட்டோம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது, அவ்வளவுதான். டிடிஎஸ் குறையாது. அவ்வப்போது உப்புக் கரைசல் விட்டு உள்ளே இருக்கும் ரெசின் மணிகளை அலச வேண்டும், அதை யார் செய்வது என்பதில் எட்டு வீட்டுக்கும் இன்றுவரை தகராறு. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான்.

ஒன்று கவனித்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடம், டிசம்பரில் பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கும். அவர்கள் மொட்டைமாடி மழைநீரைக் கிணற்றில் விட்டிருக்கிறார்கள். எங்கள் ஆழ்துளைக் கிணறு அசைந்துகூடக் கொடுக்காது.

*

மடிப்பாக்கத்துப் பருப்புக் கதையைப் படித்துவிட்டுத் தாம்பரத்திலிருந்து எழுதுகிறேன், கீசர் சர்வீஸ் செய்கிறவன். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் கீசரைத் திறந்தால் தண்ணீரைச் சூடாக்கும் காயில் கம்பி கண்ணுக்கே தெரியாது, சுற்றிலும் சுண்ணாம்பு. ஒருமுறை ஒரு வீட்டில் அடியிலிருந்து அரை வாளி செதில் அள்ளினேன். சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கி, அது வெடித்துவிடும். தெர்மோஸ்டாட்டை முழுசாக ஏற்றி வைக்காதீர்கள், 50, 55 டிகிரி போதும். சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு அதிகம் படியும். உள்ளே ஆனோடு என்று ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும், தொட்டி துருப்பிடிக்காமல் தன்னைக் கரைத்துக்கொள்வது அதன் வேலை. அது தீர்ந்துபோனதைப் பார்க்காமல் விட்டால் தொட்டியே ஓட்டை.

இன்னொன்று, குழாயில் ஆசிட் ஊற்றாதீர்கள். குரோம் உரிந்துவிடும். ஷவர் அடைத்தால் ஒரு பிளாஸ்டிக் கவரில் வினிகர் ஊற்றி, ஷவர் முகத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டுத் தூங்குங்கள். காலையில் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் கண் திறந்துவிடும்.

*

நாங்க கோயமுத்தூருங்க. இங்கே எங்கள் வீட்டில் இரண்டு குழாய், நல்ல தண்ணிக்கு ஒன்று, உப்புத் தண்ணிக்கு ஒன்று. சிறுவாணித் தண்ணி வருகிற நாளில் குடம், அண்டா, சொம்பு வரைக்கும் பிடித்து வைத்துவிடுவோம். கல்யாணமாகி வந்த புதிதில் தெரியாமல் உப்புத் தண்ணியில் டிகாக்ஷன் இறக்கிவிட்டேன். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, டம்ளரை மட்டும் மெதுவாக நகர்த்தி வைத்தார். மறுநாள் குழாயில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பதினான்கு வருடம் ஆகிறது, ரிப்பன் நாலைந்து மாறிவிட்டது. சிவப்பு எந்தத் தண்ணி என்று என் வீட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.