காய்ச்சல் விட்ட அன்றைக்குத்தான் அதிகம் பார்க்கணும்

மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ்:

காய்ச்சல், பி.பி. என்று அளந்து பார்த்த நம்பர் நன்றாக இருந்தும் ஆள் நன்றாக இல்லாத கேஸ்கள் எல்லோரிடமும் இருக்கும். எழுதுங்கள், புதிதாக வார்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவும். நானே தொடங்குகிறேன்.

மழைக்காலம் வந்தால் எங்கள் வார்டில் பாதிக்குப் பாதி டெங்குதான். கல்லூரிப் பையன் ஒருவனுக்குக் காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள். காலையில் 98.4. அவன் அம்மாவுக்குச் சொல்ல முடியாத நிம்மதி. "காய்ச்சல் விட்டுடுச்சு சிஸ்டர், இன்னைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?"

டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே பெரும்பாலும் அப்போதுதான். 3 முதல் 7 நாளுக்குள் சூடு இறங்கும்போது ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசிய ஆரம்பிக்கும். பையன் விடியற்காலையிலிருந்தே வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் சில்லென்று, பிசுபிசுவென்று ஈரமாக இருந்தன. நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்ப மூன்று நொடிக்கு மேல் ஆனது. பி.பி. 100/82. மேல் நம்பரை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டுக்கும் இடைவெளி 18தான். அது 20க்கு வந்தாலே ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போகாத நிலை, என்று எடுத்துக்கொள்ளணும். உடம்பு குழாய்களை இறுக்கி மேல் நம்பரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஹெமட்டோக்ரிட் முந்தின நாள் 40 இருந்தது, 49 ஆகியிருந்தது; நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிவிட்டது.

டியூட்டி டாக்டர் உடனே வந்து எடைக்கேற்ப டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை நாடி, பி.பி.; மணிக்கொரு தடவை யூரின் அளவு. கிலோவுக்கு மணிக்கு அரை மில்லியாவது வரணும், 60 கிலோ பையனுக்கு 30 மில்லி. சாயங்காலம் அந்த அளவு வந்த பிறகுதான் எனக்குப் போன உயிர் வந்தது. அப்போதும் விட்டுவிட முடியாது. ஓரிரு நாளில் கசிந்த நீர் குழாய்க்குள் திரும்பும், டிரிப்ஸைக் குறைக்காவிட்டால் நுரையீரலில் தேங்கி மூச்சு வாங்கும்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் பிளேட்லெட் எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். சொல்லுங்கள், தப்பில்லை. நாம் அதோடு கையையும் தொட்டுப் பார்க்கணும்.

நுரையீரல் வார்டிலிருந்து:

எங்களுக்கு ஆக்ஸிஜன் அளவுதான் இப்படி. பல வருஷம் பீடி பிடித்த ஐயா ஒருவர், சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய், மாஸ்க் போட்டு 90 இருந்தது. 95க்கு மேல் இருக்கணுமே என்று அவர் மகன் ஆக்ஸிஜன் வரும் வேகத்தை மாற்றும் ஃப்ளோ மீட்டரைத் தானே திருகிக் கூட்டிவிட்டார். நான் போனபோது 98. அப்பா நிம்மதியாகத் தூங்குகிறார் என்று மகனுக்குச் சந்தோஷம். தட்டி எழுப்பினால் கண் சொருகுகிறது, கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் மணிக்கட்டு படபடக்கிறது. ஆக்ஸிஜன் அதிகமானதில் ரத்தத்தில் கரியமில வாயு ஏறிவிட்டது. இவர்களுக்கு இலக்கு 88 முதல் 92 வரைதான். டாக்டரைக் கூப்பிட்டு அளவைப் படிப்படியாகக் குறைத்தோம், ரத்தம் எடுத்து அனுப்பினோம். மகனைத் திட்டி என்ன ஆகப்போகிறது, பாசத்தில் செய்தது. 88, 92 என்ற அந்த இரண்டு நம்பரையும் பெரிதாக எழுதித் தலைமாட்டில் ஒட்டினேன்.

கிராமத்தில் வீட்டுக்கு வீடு போகும் செவிலியர்:

2021இல் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே போகிறது. வயசானவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று கூடவே இருந்து பார்க்கிறேன். ஆனால் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடக் கூடாது. ஒரு பாட்டி, "எந்திரிச்சா கண்ணு இருட்டுது தாயி" என்றார். கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும்போது 138/80, நல்ல கட்டுப்பாடு. மகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நிற்கவைத்தேன். மூன்று நிமிடத்துக்குள் மேல் நம்பர் 110க்கு இறங்கிவிட்டது. 20 குறைந்தாலே கவனிக்க வேண்டிய விஷயம். பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது, நீர் மாத்திரை வேறு சாப்பிடுகிறார், ராத்திரி வெளியே போகணுமே என்று பொழுது சாய்ந்தால் தண்ணீரே குடிப்பதில்லை.

நம்பர்களைச் சொன்னதும் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நிற்கவைத்து எடுக்கும் பி.பி.க்கு என் நோட்டில் தனிக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதி வைக்கிறேன். மற்றவர்கள் எப்படிக் குறிக்கிறீர்கள்?