லேப் ரெக்கார்டு எழுதுகிற பிள்ளைகளுக்கு ரிப்போர்ட் எழுத வரவில்லை, எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஈரோட்டு ஆசிரியை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம்ங்க. பெருந்துறைப் பக்கம் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன், சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் படித்தது ஆங்கில இலக்கியம். இந்த செமஸ்டரில் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் வகுப்புக்கு டெக்னிக்கல் ரைட்டிங் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். 58 பேர், வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அந்தியூர், சென்னிமலை, காங்கேயம் பக்கத்துப் பிள்ளைகள். பாதிக்கு மேல் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள்.

போன வாரம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் செய்த ஏதாவது ஒரு சோதனையைப் பற்றி இரண்டு பக்கம் ரிப்போர்ட் எழுதி வரச் சொன்னேன். சிலர் ரெக்கார்டு நோட்டை அப்படியே பார்த்து எழுதிக் கொண்டுவந்தார்கள். சிலர் நான்கு வரியோடு நிறுத்திவிட்டார்கள். இருபது பேருக்கு மேல் சாட்ஜிபிடியில் எடுத்து வந்திருந்தார்கள். பளபளவென்று இருக்கிறது, ஆனால் அதில் அவர்கள் லேபில் எடுத்த ஒரு ரீடிங்கூட இல்லை. ஒரு பையனைக் கூப்பிட்டு அவன் தாளிலிருந்த ஒரு வரியைக் காட்டி இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன், தெரியவில்லை. சரி, நீ லேபில் சோதித்த பம்ப் எப்படி ஓடுகிறது என்று தமிழில் சொல் என்றேன். பத்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னான். அவர்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டாரையும் சேர்த்துச் சொன்னான். ஃபுட் வால்வில் குப்பை சிக்கினால் தண்ணீர் இறங்கிவிடும், மறுபடி ஊற்றித்தான் எடுக்க வேண்டும் என்றான். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசே சரியில்லை. இவ்வளவு தெரிந்த பிள்ளைக்குத் தாளில் ஒரு வரி வரவில்லையே.

இதுவரை நான் செய்தது: அகடமிக் வேர்டு லிஸ்டிலிருந்து தினம் பத்துச் சொல் கொடுத்தேன், டென்ஸ், ஆர்டிகிள் பயிற்சித் தாள் கொடுத்தேன். பயிற்சியில் சரியாகப் போடுகிறார்கள், ரிப்போர்ட்டில் பழையபடி தப்பு. வகுப்பில் தமிழே பேசக் கூடாது என்று மூத்தவர் ஒருவர் சொல்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க, நான் எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

கோபி வாத்தியார்

மேடம், 19 வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொற்பட்டியல். நியூசிலாந்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ல் வெளியிட்டது, 570 சொற்குடும்பங்கள். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்ற நான்கு துறை நூல்களிலிருந்து எடுத்தது, பொறியியல் தனித்துறையாக அதில் கிடையாது. நம் பையனுக்கு முதல் நாள் வேண்டியது 'டிஸ்சார்ஜ்', 'டிராப்', 'ரேஞ்ச்', 'ஸ்டெடி', 'நெக்ளிஜிபிள்' மாதிரிச் சொற்கள். அதை அவனுடைய லேப் மேனுவலிலிருந்தே எடுக்கலாம். தனிச் சொல்லாக எடுக்காமல் வாக்கியத்தோடு எடுங்க.

இரண்டாவதுதான் முக்கியம். நம் பிள்ளைகளுக்கு ரிப்போர்ட்டின் எலும்புக்கூடு ஏற்கெனவே தெரியும். பிளஸ் டூ செய்முறையில் என்ன எழுதினார்கள்? நோக்கம், தேவையான கருவிகள், வாய்பாடு, செய்முறை, காட்சிப்பதிவுகள், கணக்கீடு, முடிவு. பல்கலைக்கழக ரிப்போர்ட்டில் வரும் எய்ம், அப்பரேட்டஸ், மெத்தட், ரிசல்ட் எல்லாம் இதேதான். இல்லாதது ஒன்று, டிஸ்கஷன். பள்ளியில் முடிவு என்று ஒரு எண்ணை எழுதினால் மார்க் விழுந்துவிடும். அந்த எண் ஏன் அப்படி வந்தது, எதிர்பார்த்தது வந்ததா, வரவில்லையென்றால் எதனால் இருக்கும் என்று அவனை யாரும் கேட்டதே இல்லை. அதனால் அந்த இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. இதை ஆங்கிலக் குறை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் தமிழில் எழுதச் சொன்னாலும் அங்கேதான் நிற்பான். இதை நான் கண்டுகொள்ளவே ஏழெட்டு வருடம் ஆயிற்று.

ஆகவே நான் டிஸ்கஷனில்தான் ஆரம்பிப்பேன், அதுவும் தமிழில். சென்ட்ரிஃபியூகல் பம்ப் சோதனையை எடுத்துக்கொள்ளுங்க. டெலிவரி வால்வை முழுக்கத் திறந்து வைத்தபோது தொட்டியில் 10 செ.மீ. தண்ணீர் ஏற 8 வினாடி, பாதி மூடியபோது 14 வினாடி என்று வைத்துக்கொள்வோம். என்ன நடந்தது என்று கேட்டால் பையன் சொல்வான், "வால்வை மூட மூட ஹெட் ஏறுதுங்க சார், தண்ணி குறையுது". (ஹெட் என்பது பம்ப் தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ள முடியும் என்ற அளவு, டிஸ்சார்ஜ் என்பது வினாடிக்கு வரும் தண்ணீர்.) இந்த 'மூட மூட', 'ஏற ஏற' இருக்கிறதே, இதுதான் ஆங்கிலத்தில் 'ஆஸ்' போட்டு எழுதும் வாக்கியம். 'ஆஸ் த ஹெட் இன்க்ரீசஸ், த டிஸ்சார்ஜ் டிக்ரீசஸ்.' தமிழில் இரட்டித்துச் சொன்னால் ஆங்கிலத்தில் 'ஆஸ்' என்று ஒரு தடவை பிடித்துக்கொண்டால் அப்புறம் எந்த கிராஃபையும் எழுதிவிடுவான்.

அடுத்தது 'இருக்கலாம்'. எஃபிஷியன்சி குறைவாக வந்திருக்கிறது, ஏன் என்று கேளுங்க. "சக்‌ஷன் பைப்புல காத்து புகுந்திருக்கலாம் சார், ஸ்டாப்வாட்ச்சை லேட்டா அமுக்கியிருக்கலாம் சார்" என்பான். எவ்வளவு பக்குவமாகப் பேசுகிறான் பாருங்க. அதே பையன் ஆங்கிலத்தில் எழுதும்போது, காற்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிடுவான், 'லாம்' எங்கோ தொலைந்துபோகும். அந்த 'லாம்' இருக்கும் இடத்தில் 'மே ஹேவ்', 'இஸ் ப்ராபப்ளி ட்யூ டு' என்று போடச் சொல்லுங்க. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவர்கள் தாம் நிரூபித்ததையும் ஊகிப்பதையும் பிரித்துக் காட்டுவது இந்தச் சின்னச் சொற்களால்தான். நம் பிள்ளைகள் பேச்சில் அது தானாகவே இருக்கிறது, தாளுக்கு வரும் வழியில்தான் கீழே விழுந்துவிடுகிறது.

தமிழ் பேசக் கூடாது என்பவரிடம் சண்டைக்குப் போகாதீங்க. யோசிப்பது தமிழில், தாளில் எழுதுவது ஆங்கிலத்தில் என்று வைத்துக்கொள்ளுங்க, போதும்.

கரூர்க்காரன்

மன்னிக்கணும், நான் முழுசாக ஒத்துக்க மாட்டேன். அடிப்படை இலக்கணம் இல்லாமல் ரிப்போர்ட் எழுத விட்டால் தப்பு தப்பாகவே கையில் படிந்துவிடும். 'எக்யூப்மென்ட்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'டிஸ்கஸ்டு அபௌட்' எல்லாம் ஃபைனல் இயர் ரிப்போர்ட் வரைக்கும் வருகிறது. முதல் மாதம் முழுக்க இலக்கணம், பிறகுதான் ரிப்போர்ட் என்பது என் கட்சி. தமிழில் பேச விட்டால் பேசிக்கொண்டேதான் இருப்பார்கள், எழுத மாட்டார்கள்.

சோமனூர் தறி

நான் ஆசிரியர் இல்லைங்க. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து பி.இ. முடித்தவன், இப்போது கோயமுத்தூரில் பம்ப் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் விசைத்தறி.

கரூர் அண்ணா, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் வருடம் முழுக்க இலக்கணம்தான். 'சேஞ்ச் த வாய்ஸ்' என்று நூறு வாக்கியம் மாற்றியிருப்பேன், ராமன் மாம்பழம் தின்றதை மாம்பழம் ராமனால் தின்னப்பட்டதாக. எதற்கு மாற்றுகிறோம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. மூன்றாம் வருடத்தில் ஒரு நாள் என் ரிப்போர்ட்டை வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள், எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் சொந்தமாக ஒரு வரி ஆங்கிலம் எழுதவில்லை. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதித்தான் காலத்தை ஓட்டினேன். மேடம், தயவுசெய்து யாருடைய தாளையும் பேரோடு படித்துக் காட்டாதீங்க.

என்னை மீட்டது கடைசி வருடத்தில் வந்த ஒரு ஆங்கில மேடம். என் ப்ராஜெக்ட் தறி மோட்டாரின் மின்செலவு பற்றியது. அவர் என்னைத் தமிழில் பேசச் சொல்லி போனில் பதிவு செய்தார். அதை நானே கேட்டு எழுத வேண்டும், அப்புறம் வரிவரியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் பாஸிவ் எதற்கு என்று புரிந்தது. 'மீட்டரை நான் மாட்டினேன், நான் அரை மணிக்கு ஒரு தடவை ரீடிங் எடுத்தேன்' என்று பேசியிருந்தேன். யார் மாட்டினார்கள் என்பது படிப்பவருக்கு வேண்டாம், எப்படி மாட்டியது என்பதுதான் வேண்டும் என்றார். நம் அறிவியல் புத்தகத்தில் 'அளவிடப்பட்டது', 'இணைக்கப்பட்டது' என்று வருமே, அதேதான் என்றார். பத்து வருடமாகப் படித்த பாஷை, ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

இன்றைக்கு என் வேலையில் பாதி எழுத்துதான். வெளிநாட்டுக் கஸ்டமர் பம்பைத் திருப்பி அனுப்பினால் என்ன கோளாறு, எப்படித் தெரிந்தது, இனி வராமல் இருக்க என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். அங்கே 'எக்யூப்மென்ட்ஸ்' என்று ஒரு எஸ் கூடப் போட்டதற்கு இதுவரை யாரும் திட்டியதில்லை. ஊகத்தை உறுதி மாதிரி எழுதியதற்கு வாங்கிக் கட்டியிருக்கிறேன். கோபி சார் சொன்ன அந்த 'லாம்' சாதாரண விஷயம் இல்லைங்க.

மெக்கானிக்கல் பேராசிரியர், சேலம்

இந்த விஷயத்தில் எங்கள் துறைக்காரர்கள் மேல்தான் பாதிப் பொறுப்பு. ரெக்கார்டு நோட்டு வருடாவருடம் ஒரே மாதிரி வருவது எங்களுக்கும் தெரியும், எண் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். டிஸ்கஷன் கேட்பதே இல்லை. அப்படியிருக்கும்போது ஆங்கில ஆசிரியர் மட்டும் கேட்டால் அவனுக்கு அது இன்னொரு அசைன்மென்ட், அவ்வளவுதான்.

நான் மூன்று வருடமாகச் செய்வது இது. செமஸ்டரின் சோதனைகளில் ஒன்றை மட்டும் ரெக்கார்டில் எழுதாமல் ரிப்போர்ட்டாக எழுத வேண்டும். ரீடிங் எடுத்த கசங்கின தாளையே பின்னால் பின் அடித்துக் கொடுக்க வேண்டும். டிஸ்கஷனில் குறைந்தது மூன்று வாக்கியத்தில் அவர்களுடைய சொந்த எண் இருக்க வேண்டும். இது வந்த பிறகு சாட்ஜிபிடி தொல்லை பாதியாகக் குறைந்தது, ஏனென்றால் அதற்கு இவன் தொட்டியில் 14 வினாடி ஆனது தெரியாது. எண்ணைக் கொடுத்து எழுத வைக்கிறவனும் இருக்கிறான். அவனை மட்டும் ஐந்து நிமிடம் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்த ரீடிங் ஏன் மேலே போகிறது என்று கேட்பேன். சொல்லிவிட்டால் மார்க் போட்டுவிடுவேன், கருவியைப் பயன்படுத்தியதற்காகத் தண்டிப்பதில்லை.

இன்னொன்று, டென்ஸ். பிள்ளைகள் குழம்புவது இதில்தான். செய்தது முடிந்துபோன காலத்தில், 'த வால்வ் வாஸ் க்ளோஸ்டு'. படம் என்ன காட்டுகிறது என்பது நிகழ்காலத்தில், 'ஃபிகர் 3 ஷோஸ்'. படம் இப்போதும் தாளில் இருக்கிறது, காட்டிக்கொண்டே இருக்கிறது, சோதனை முடிந்துவிட்டது. இப்படிச் சொன்னால் மறப்பதில்லை.

மேடம், உங்கள் மெக்கானிக்கல் துறையில் லேப் எடுப்பவரிடம் நேரில் போய்ப் பேசுங்க. மெயில் வேண்டாம்.

கோபி வாத்தியார்

சேலம் சார் சொன்னது நூற்றுக்கு நூறு. கரூர் சார், தப்பைத் திருத்த வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஒரு தாளில் இரண்டே வகைத் தப்பைத்தான் குறிப்பேன். இந்த முறை ஆர்டிகிளும் பன்மையும், அடுத்த டிராஃப்டில் டென்ஸ். தாள் முழுக்கச் சிவப்பாகத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளை மார்க்கைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகடமிக் ஃப்ரேஸ்பேங்க் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஒப்பிடுவதற்கு, காரணம் சொல்வதற்கு, குறையை ஒத்துக்கொள்வதற்கு என்று வாக்கிய அச்சுகள் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து வாரம் ஐந்து எடுத்து அவனுடைய எண்ணை உள்ளே போட்டு எழுதச் சொல்லுங்க.

ஃபைனல் இயர் வரும்போது இன்ட்ரொடக்‌ஷன் எழுதுவது தனிக் கஷ்டம். அதற்கு மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990ல் சொன்ன மூன்று நகர்வு, அதாவது மூன்று படி, இருக்கிறது. அவரே அதை நிலத்தை வைத்துத்தான் சொன்னார், அதனால் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் இப்படிச் சொல்வேன்: இது யார் யார் உழுத காடு, இதில் எந்த மூலை இன்னும் தரிசாகக் கிடக்கிறது, அதில் நான் எங்கே ஏர் பூட்டுகிறேன். விவசாய வீட்டுப் பையன் உடனே பிடித்துக்கொள்வான். இப்போதைக்கு அதை வைத்திருங்க, அடுத்த வருடம் தேவைப்படும்.

ஈரோட்டு ஆசிரியை

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. சோமனூர் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். போன மாதம் ஒரு தாளை நானும் வகுப்பில் படித்தேன், பேர் சொல்லவில்லை, ஆனால் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பெண்ணிடம் இன்று தனியாகப் பேசினேன்.

லேப் எடுக்கும் சாரை நேரில் பார்த்தேன். உடனே சரி என்றுவிட்டார், பம்ப் சோதனையையே ரிப்போர்ட்டாக வைத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் சொன்னார். வியாழக்கிழமை என் வகுப்பை லேபுக்குப் பக்கத்து அறையிலேயே வைத்தேன். நான்கு நான்கு பேராக உட்கார வைத்து முதல் இருபது நிமிடம் தமிழில் பேச்சு, அடுத்த முப்பது நிமிடம் ஆங்கிலத்தில் ஆறே வாக்கியம். 58 பேரில் 51 பேர் ஆறும் எழுதிவிட்டார்கள். 'ஆஸ்' எல்லோருக்கும் வந்துவிட்டது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி, கோபி சார். ஒரு பெண் கேட்டாள், "வால்வை மூட மூட ஹெட் ஏறுது, ஆனா எஃபிஷியன்சி முதலில் ஏறிட்டு ஒரு இடத்துக்கு அப்புறம் இறங்குது மேடம், இதுக்கு 'ஆஸ்' போட்டா பாதிதானே சொன்ன மாதிரி ஆகும்?" எனக்கு 'அப் டு', 'பியாண்ட்' இரண்டும் தோன்றியது, கரும்பலகையில் எழுதிப் போட்டேன். இந்த மாதிரி ஏறி இறங்கும் கிராஃபுக்கு நீங்கள் வேறு என்ன அச்சு கொடுப்பீர்கள்? திங்கட்கிழமை வகுப்புக்குள் தெரிந்தால் நல்லது.