மறு: டிராக்ஷன் கண்ட்ரோல், டிஃபரன்ஷியல் லாக் – இரண்டுக்கும் தமிழ்ச்சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம்.

டிராக்ஷன் கண்ட்ரோலுக்கு ‘இழுவைக் கட்டுப்பாடு’ என்றும், டிஃபரன்ஷியலுக்கு ‘வகையீட்டுப் பல்லிணை’ என்றும் முன்மொழிந்த மடலைப் படித்தேன். இரண்டையும் ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. ஒரு சக்கரம் பிடிப்பின்றிச் சுழலும்போது உதவுபவை டிராக்ஷன் கண்ட்ரோலும் டிஃபரன்ஷியல் லாக்கும்; கரடுமுரடான தடத்தில் நான்கு சக்கர இயக்க வண்டி ஓட்டுவோருக்கு இவை வேறு வேறு கருவிகள் என்பதால், பெயரிலேயே அந்த வேறுபாடு தெரிய வேண்டும் என்று கருதுகிறேன்.

முதலில் டிஃபரன்ஷியல். வகையீடு என்பது நுண்கணிதத்துக்குரிய சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால் அதைக் கொண்டுவந்து அச்சின் நடுவே பொருத்திவிட்டோம். இந்தப் பல்லிணைத் தொகுதி செய்யும் வேலையைப் பார்த்தால் வேறு பெயர் தானே வந்து நிற்கும். பட்டறைகளில் ‘கிரவுன்’ என்று சொல்லும் பெரிய பற்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது, அச்சின் இரு சக்கரங்களும் சுற்றியதைக் கூட்டினால் எப்போதும் இரண்டுதான் வரும். நேர்ச்சாலையில் ஒன்றும் ஒன்றும், வளைவில் உட்சக்கரத்துக்கு 0.9-உம் வெளிச்சக்கரத்துக்கு 1.1-உம், ஒரு சக்கரம் அசையாமல் நின்றுவிட்டால் மற்றதற்கு முழு இரண்டும். ஆக, அது சுழற்சியைப் பகிர்ந்தளிக்கும் கருவி. ‘சுழல்பகிர்வி’ என்று வைத்துக்கொண்டு, வழக்கில் ‘பகிர்வி’ என்று சுருக்கலாம் என்பது என் கருத்து.

சுழற்சியைத் தேவைக்கேற்பப் பகிரும் இந்தக் கருவி, சக்கரத்தைச் சுழற்றும் திருப்புவிசையை (டார்க்) மட்டும் இரு பக்கமும் சமமாகவே கொடுக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இடச்சக்கரம் ஈரக் களிமண்ணில் நிற்கிறது, அந்த மண் 100 நியூட்டன் மீட்டர் (திருப்புவிசையின் அலகு) அளவுக்கு மேல் தாங்காது என்று வைத்துக்கொள்வோம். வலச்சக்கரம் கெட்டித் தரையில் நின்றாலும் அதற்கும் 100-தான் கிடைக்கும். மொத்தம் 200-ஐக் கொண்டு வண்டி மேடேறாது. இடச்சக்கரம் மட்டும் வெறுமனே சுழன்று குழி பறிக்கும்.

இதற்கு இரு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இரு சக்கரங்களையும் இறுகப் பிணைத்து, பகிர்வியை வேலை செய்யாமல் ஆக்கிவிடுவது; டிஃபரன்ஷியல் லாக் என்பது இதுதான். அப்போது இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். களிமண்ணில் நிற்கும் சக்கரம் தன் 100-ஐ எடுத்துக்கொள்ள, கெட்டித் தரைச் சக்கரம் தன்னால் தாங்க முடிந்ததை எல்லாம், 600 என்றால் 600-ஐயும், வாங்கிக்கொள்ளும். மற்றொன்று, வெறுமனே சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடிப்பது; டிராக்ஷன் கண்ட்ரோல் இங்கே செய்வது இதைத்தான். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்புக்காக ஏற்கெனவே உள்ள வேக உணரிகளும் எண்ணெய் அழுத்தக் கருவியுமே இதற்குப் போதும். இடச்சக்கரத்தில் பிரேக் 500 அளவுக்குத் தடை கொடுத்தால், மண்ணின் 100-உம் சேர்ந்து அந்தப் பக்கம் 600 ஆகிறது; சமப்பங்கு விதிப்படி வலப்பக்கமும் 600 பெறுகிறது. வண்டியைத் தள்ளுவது இரு நிலையிலும் 700-தான். ஆனால் பூட்டிய அச்சுக்கு 700 போதும். பிரேக் வழியில் 1,200 கொடுத்தாக வேண்டும். மிச்சம் 500 பிரேக் வட்டில் வெப்பமாகப் போய்விடுகிறது. நெடுநேரம் இப்படி ஓடினால் பிரேக் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள அமைப்பு ஒதுங்கிக்கொள்வதும் உண்டு.

இவ்வளவு வேறுபாடு இருந்தும் வணிகப் பெயர்கள் அதை மறைக்கின்றன. 2020-இல் வந்த மஹிந்திராவின் ‘தார்’ வண்டியில் ‘பிரேக் லாக்கிங் டிஃபரன்ஷியல்’, ‘மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல்’ என்று இரண்டு பெயர்கள் உண்டு. பின்னதில் உண்மையாகவே அச்சு இறுகுகிறது; முன்னதில் எதுவும் பூட்டப்படுவதில்லை, பிரேக் பிடிக்கிறது, அவ்வளவே. மாருதி சுசுகி ஜிம்னியின் ‘பிரேக் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்’ என்பதும் பிரேக் வேலைதான். அதன் பகிர்விகள் சாதாரணத் திறந்த பகிர்விகள், அதாவது இறுக்கும் அமைப்பு எதுவும் இல்லாதவை. தமிழாக்கும்போது ‘பிரேக் பூட்டுப் பகிர்வி’ என்று எழுதினால் விளம்பரத்தின் மயக்கத்தையும் சேர்த்தே மொழிபெயர்த்தவர்கள் ஆவோம். ‘பூட்டு’ என்ற சொல்லை இறுகப் பிணைக்கும் கருவிக்கு மட்டுமே ஒதுக்க வேண்டும் என்பதுதான் இந்த மடலில் நான் வற்புறுத்த விரும்புவது.

அந்தச் சொல்லை ஆங்கிலத்திலிருந்து கடன் பெறவும் வேண்டியதில்லை. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். தனித்தனியே நடக்கக்கூடிய இரண்டு மாடுகளை ஒரே நடைக்குக் கொண்டுவருவது நுகத்தடியும் பூட்டாங்கயிறும். இரண்டு அரை அச்சுகளுக்கு இந்தக் கருவி செய்வதும் அதுவே. ‘நுகப்பூட்டு’ என்றே வைக்கலாமா என்று கொஞ்ச நேரம் ஆசைப்பட்டேன். கவிதைக்கு ஆகும், பட்டறைக்கு ஆகாது என்று விட்டுவிட்டேன். ‘சக்கரப் பூட்டு’ என்றால் தவறான இடத்தில் நிறுத்திய காருக்குப் போக்குவரத்துக் காவலர் மாட்டும் பூட்டு நினைவுக்கு வரும். எனவே ‘பகிர்விப் பூட்டு’. ஃபோர்ஸ் நிறுவனத்தின் ‘குர்கா’ வண்டியில் இருப்பதுபோல் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் ஓட்டுநரே போடுவது ‘கைப்பூட்டு’. தாரின் பின்னச்சில் உள்ளதுபோல் தானே இறுகுவது ‘தன்பூட்டு’.

இனி டிராக்ஷன் கண்ட்ரோல். ‘இழுவை’ என்பதைக் காற்றுத்தடைக்கும் எழுதுகிறோம், ரயில் எஞ்சினின் இழுதிறனுக்கும் எழுதுகிறோம். போதாக்குறைக்கு, ‘இழுவைக் கட்டுப்பாடு’ என்று படிப்பவர் வண்டி இழுப்பதை இது குறைக்கிறது என்றே நினைப்பார். ‘பிடிமானக் கட்டுப்பாடு’ சற்று மேல். ஆனாலும் டயரின் பிடிமானத்தை எந்தக் கருவியும் கூட்டுவதில்லை, இருப்பதைப் பயன்படுத்தச் செய்கிறது. ஜெர்மானியர் இதைச் சக்கரத்தின் வழுக்கலை வைத்துப் பெயரிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சறுக்கலுக்கு எதிரானது என்றார்கள். நாமும் தடுக்கப்படுவதை வைத்தே பெயரிடலாம். வெறுங்கை, வெறுஞ்சோறு போல, பயனின்றிச் சுழல்வது ‘வெறுஞ்சுழல்’. ஆக ‘மின்னணு வெறுஞ்சுழல் தடுப்பு’.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

* * *

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

‘பூட்டு’ பற்றித் தாங்கள் எழுதியது எனக்கு முழு உடன்பாடு. எங்கள் ஊரில் சேற்றுழவுக்கு இறங்கும் டிராக்டரில் ஒரு சக்கரம் புதைந்தால், ஓட்டுபவர் குதிகாலருகே இருக்கும் மிதியை மிதித்து ‘லாக்’ போடுவார்; வயல்முனையில் திருப்பும் முன் காலை எடுத்துவிடுவார். எடுக்க மறந்தால் வண்டி திரும்ப முரண்டு பிடிக்கும். அவரிடம் ‘பூட்டு’ என்றால் விளக்கமே தேவைப்படாது.

ஆனால் ‘தடுப்பு’ என்பதை ஏற்க முடியவில்லை. தடுப்பு என்றால் நிகழாமல் காப்பது. இந்த மின்னணு அமைப்போ, ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுழல்வதை உணரிகள் கண்ட பிறகே வேலையைத் தொடங்குகிறது. மணலில் அந்த ஒன்றிரண்டு கணச் சுழற்சியே டயரைப் புதைத்துவிடும். மணலுக்குள் போகுமுன்பே கைப்பூட்டைப் போட்டவருக்கு அந்தத் தொல்லை இல்லை. நிகழ்ந்த பின் அமர்த்துவதை ‘அடக்கி’ என்பதே பொருந்தும். ‘வெறுஞ்சுழல் அடக்கி’ என்று திருத்திக்கொள்ளலாமா?

* * *

அன்புள்ள நண்பருக்கு,

திருத்தத்தை ஏற்கிறேன். காலத்தை நான் கவனிக்கவில்லை. ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும்: தாரில் உள்ள ஈட்டன் நிறுவனத்தின் தன்பூட்டும் வெறுஞ்சுழலுக்காகக் காத்திருப்பதுதான். இரு சக்கரங்களுக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று வேறுபாடு வந்த பிறகே உள்ளிருக்கும் எடைகள் விரிந்து, அச்சு இறுகுகிறது. எனவே, காத்திருக்கிறதா இல்லையா என்பதை வைத்து மட்டும் பூட்டையும் அடக்கியையும் பிரிக்க முடியாது. இறுகியதா, பிரேக் பிடித்ததா என்பதே பிரிகோடு. கைப்பூட்டுக்கு மட்டும் தாங்கள் சொன்ன முன்னெச்சரிக்கை உண்டு, கூடவே அதை எடுக்க மறக்கும் ஆபத்தும் உண்டு.

பட்டியலில் இப்படிச் சேர்த்துவிடுகிறேன்: சுழல்பகிர்வி, பகிர்விப் பூட்டு, கைப்பூட்டு, தன்பூட்டு, மின்னணு வெறுஞ்சுழல் அடக்கி. இரு சக்கரங்களின் சுழல் வேறுபாட்டை ஓரளவுக்கு மட்டும் விடும் ‘லிமிடெட் ஸ்லிப்’ வகைக்கு ‘அளவுவழுக்குப் பகிர்வி’ என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். அதை அடுத்த மடலில் எடுத்துக்கொள்வோம்.