வார்கேமிங் கன்வென்ஷன்: ‘படையாட்ட ஒன்றுகூடல்’ எனலாமா?

நண்பர்களே, வணக்கம்.

வட்டார அளவில் நடத்தப்போகும் வார்கேமிங் கன்வென்ஷனுக்கு, அதாவது மேசை மேல் சின்னச் சின்னப் படை உருவங்களை வைத்துப் போர் ஆடுகிறவர்கள் கூடும் நிகழ்ச்சிக்கு, அறிவிப்பு, பதிவுப் படிவம், அரங்கில் வைக்கும் பலகைகள் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுவது என்று முடிவாகிவிட்டது. சொற்களைப் பற்றி இதுவரை வந்த மடல்களைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் வார்கேம். ‘போர் விளையாட்டு’ என்று பலர் சொல்லியிருக்கிறீர்கள். படிப்பவர் அதை ராணுவப் பயிற்சி என்றும் எடுத்துக்கொள்ளலாம், கணினித் திரையில் சுடுகிற ஆட்டம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இந்தக் குழப்பம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் என்ற ஆட்டம், அதிகாரிகளைப் பழக்குவதற்கானது. நிலப்படத்தின் மேல் கட்டைகளை வைத்துக்கொண்டு, இரு தரப்பும் கட்டளைகளை நடுவரிடம் கொடுப்பார்கள். 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் எழுதியதோ, வீட்டுத் தரையில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடுவதற்கான விதிகள். முன்னதற்குப் ‘போர் ஒத்திகை’ இருக்கட்டும். நமக்கு வேண்டியது பின்னதற்கான பெயர்.

போரையும் ஆட்டத்தையும் சேர்த்தால் ‘போராட்டம்’ ஆகிவிடும். அந்த வழி அடைபட்டது. ‘களமாட்டம்’ இலக்கணப்படி சரிதான், நடமாடு – நடமாட்டம் போல. ஆனால் களமாடினார் என்பது உண்மையான போரில் நின்றவர்களைச் சொல்கிற சொல். மேசை மேல் வைக்கும் 28 மில்லிமீட்டர் உருவங்களுக்கு அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘படையாட்டம்’ என்பதே என் தேர்வு. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையை வைத்துத்தான் சதுரங்கத்துக்கே பெயர் வந்தது. படையின் பெயரால் ஆட்டத்தை அழைப்பது நமக்குப் பழகிய வழக்கம்தான். அந்தச் சின்ன உருவத்துக்கு, அதாவது மினியேச்சருக்கு, மடல்களில் முன்மொழிந்த ‘சிற்றுரு’ அருமையான சொல், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து கன்வென்ஷன். மாநாடு என்றால் மேடையும் தீர்மானமும் நினைவுக்கு வரும். கண்காட்சி என்றால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ‘கூடல்’ அழகுதான், ஆனால் ஊடல் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. ‘ஒன்றுகூடல்’ போதும். ‘மண்டல’ என்பதில் அலுவலக வாடை அடிக்கிறது, அதனால் ‘வட்டாரப் படையாட்ட ஒன்றுகூடல்’.

இதுவரை சொன்ன சொற்களில் சற்று முன்பின் இருந்தாலும் நிகழ்ச்சி நடந்துவிடும். அடுத்த இரண்டு சொற்கள் தெளிவாக இல்லையென்றால் அரங்கமே குழம்பும். ஒன்றுகூடலில் டெமான்ஸ்ட்ரேஷன் கேம் உண்டு, பார்ட்டிசிபேஷன் கேம் உண்டு. முதல் வகையில் ஒரு குழு மாதக்கணக்கில் செய்த மலை, ஆறு, கோட்டையோடு பெரிய மேசையில் ஆடும். மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். இரண்டாவதில், விதியே தெரியாமல் வருபவர்கூட உட்கார்ந்து பகடையை உருட்டலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடியும்படி விதிகளைச் சுருக்கி வைத்திருப்பார்கள். முடிந்ததும் அடுத்த குழுவை உட்கார வைப்பார்கள். ஆறுக்கு நான்கு அடி மேசை ஒன்று போட்டால் அதைச் சுற்றி நாற்காலி, காத்திருப்பவர்கள் நிற்க இடம், விதி சொல்லித்தர ஓர் ஆள் என்று எல்லாம் வேண்டும். அரங்க வரைபடம் போடும்போதே எது எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும்.

புதிதாக வருகிறவருக்கு இது இன்னும் முக்கியம். தயங்கித் தயங்கி ஒரு மேசையை நெருங்குகிறார், உட்காரலாமா கூடாதா என்று தெரியவில்லை, கேட்கக் கூச்சம், திரும்பிப் போய்விடுகிறார். இந்த ஆட்டத்துக்குள் வந்திருக்க வேண்டிய ஒருவரை அங்கேயே இழந்துவிடுகிறோம். பலகையில் உள்ள சொல்லே அவரைக் கூப்பிட வேண்டும்.

அதனால் ‘செயல்விளக்க ஆட்டம்’, ‘பங்கேற்பு ஆட்டம்’ இரண்டும் எனக்கு நிறைவாக இல்லை. பொருள் சரி, ஆனால் ‘பங்கேற்பு’ என்பதைப் பார்த்தால் முன்பதிவு கேட்பார்களோ என்று தோன்றும். ‘ஆடுமேசை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கால் சரியில்லாத மேசை என்றுதான் படிப்பார்கள். ‘காட்சி மேசை’, ‘சேர்ந்தாடும் மேசை’ என்று வைக்கலாம் என்கிறேன். ஆட்டத்தை விட்டு மேசைக்குப் பெயர் வைத்தால் வரைபடத்திலும் பலகையிலும் ஒரே சொல் வரும். போட்டி நடக்கும் இடம் ‘போட்டி மேசை’. 16 பேர் என்றால், தோற்றவரை வெளியேற்றாமல் ஒத்த புள்ளி உள்ளவர்களை மோதவிடும் சுவிஸ் முறையில் நான்கு சுற்று. சதுரங்கச் செய்திகளில் பழகிய ‘சுவிஸ் முறை’ அப்படியே இருக்கட்டும்.

அம்பயர்? போட்டி மேசையில் ‘நடுவர்’. சேர்ந்தாடும் மேசையில் இருப்பவர் தீர்ப்புச் சொல்வதைவிடச் சொல்லித்தருவதுதான் அதிகம், அவருக்கு ‘ஆட்டத் துணைவர்’.

அப்புறம், பிரிங் அண்ட் பை. ‘கைமாற்றுக் கடை’ வேண்டவே வேண்டாம், கைமாற்று என்றால் கடன். பழைய சிற்றுருக்களை விலைச்சீட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், நாம் விற்று, சிறு பங்கு எடுத்துக்கொண்டு, மீதியை மாலையில் கொடுக்கிறோம். ‘ஒப்படைப்பு விற்பனை’ என்றால் இந்த நடைமுறை பெயரிலேயே விளங்கிவிடும்.

‘சேர்ந்தாடும் மேசை’யைவிடச் சின்னதாக, அதே வரவேற்போடு ஒரு சொல் கிடைத்தால் உடனே எழுதுங்கள். பலகைகள் அச்சுக்குப் போகும் வரை மாற்றிக்கொள்ளலாம். மற்ற சொற்களில் மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஏற்பாட்டுக் குழுவிலிருந்து